அமிர்திக்கும் ஆம்பூருக்கும் ஒரே சீட்டா?

 

நவரைக்கு நாத்து விடப் போகிற நேரத்தில் இந்த நோட்டீஸை உங்கள் கையில் கொடுக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் வாங்கி மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒருமுறை படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகளை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இது ஓட்டு கேட்டு வரும் நோட்டீஸ் அல்ல. உங்கள் கழனியைப் பற்றிய விஷயம்.

போன வாரம் சங்கக் கூட்டத்துக்கு வந்த மூன்று பேர் மண்வள அட்டையை எடுத்து வந்திருந்தார்கள். ஒருவர் கழனி ஏரிக்குக் கீழே, களிமண். இன்னொருவருக்கு மேட்டுப்பாங்கான செம்மண். மூன்றாமவர் கழனி காவா ஓரம், பாதி மணல். ஆனால் அட்டையில் சாம்பல்சத்து எண் மூன்று பேருக்கும் ஒன்றே! எழுத்துப் பிழை கூட இல்லை, அச்சு அசலாக அதே எண். "இன்னா சார் இது, மூணு பேருக்கும் ஒரே சட்டை தைச்ச மாதிரி இருக்குது" என்றார் ஒருவர். சிரித்தோம். ஆனால் இது சிரிக்கிற சமாச்சாரமா?

இதைக் கேட்டதும் அதிகாரி ஏமாற்றிவிட்டார் என்று சிலர் குதித்தார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். திட்டமே அப்படித்தான் போடப்பட்டது. 2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தானில் சூரத்கர் என்ற ஊரில் பிரதமர் தொடங்கி வைத்த மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி எடுத்தால் போதும். மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. இரண்டரை ஹெக்டேர் என்றால் ஆறேகால் ஏக்கர்! நம்ம ஊரில் ஆறேகால் ஏக்கர் ஒரே ஆள் வைத்திருக்கிறாரா? அரை ஏக்கர், முக்கால் ஏக்கர், அண்ணன் தம்பி பாகம் பிரித்த முப்பது சென்ட். ஆறேகால் ஏக்கரில் எட்டுப் பத்து குடும்பம் பிழைக்கிறது. அதில் ஒருவர் கழனியில் எடுத்த பிடி மண் அத்தனை பேருக்கும் ஜாதகம் சொல்கிறது.

பஞ்சாபில் இருபது ஏக்கர்காரனுக்கு இது சரியாக இருக்கலாம். சிறு விவசாயிக்கு இது பக்கத்து வீட்டுக்காரன் ரத்தத்தை எடுத்து நமக்கு மருந்து எழுதுவதுதான்.

சாம்பல்சத்து எதற்கு?

தழைச்சத்து போட்டால் நாலு நாளில் பயிர் கருகருவென்று நிற்கும். கண்ணுக்குத் தெரியும், மனசுக்கும் திருப்தி. சாம்பல்சத்து அப்படி இல்லை. போட்டதும் தெரியாது, போடாததும் உடனே தெரியாது. தெரியும்போது காலம் தாண்டியிருக்கும். அடி இலையில் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பாகிக் காயும். இலையில் பழுப்புப் புள்ளி விழும். தண்டு பலம் இல்லாமல் ஒரு மழைக் காத்துக்கே பயிர் சாய்ந்துவிடும். நோய் சீக்கிரம் பிடிக்கும். தூற்றும்போது பதர் பறக்கும். நாம் என்ன செய்கிறோம்? இலை மஞ்சளாகி விட்டதே என்று இன்னும் ஒரு மூட்டை யூரியாவை எடுத்து வீசுகிறோம். கடைக்காரர்தான் நமக்கு டாக்டர். அவர் கடையில் என்ன சரக்கு இருக்கிறதோ அதுதான் மருந்து. இருபது-இருபது காம்ப்ளெக்ஸ் கொடுப்பார். அதில் சாம்பல்சத்து ஒரு கிலோ கூடக் கிடையாது என்பதை மூட்டை மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். நாம் படிப்பதில்லை.

நம் பாட்டன்மார் படிக்காமலே இதைச் செய்தார்கள். அடுப்புச் சாம்பலைக் குப்பைக்குழியில் கொட்டிக் கழனிக்கு அடித்தார்கள். சாம்பல்சத்து என்று பேர் வந்ததே அதனால்தான். இப்போது வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு. நல்லதுதான், பெண்கள் புகையிலிருந்து தப்பித்தார்கள். ஆனால் சாம்பல் நின்று போனது.

இன்னொன்று வைக்கோல். நெல் பயிர் உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்று வையுங்கள். அதை ஈடுகட்ட ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷ் வேண்டும், சில கழனியில் அதற்கு மேலும். முன்பு வைக்கோலை மாடு தின்றது, சாணமும் மூத்திரமும் குப்பையாகிக் கழனிக்கே வந்தது. இப்போது மெஷின் அறுக்கிறது, இன்னொரு மெஷின் கட்டுகிறது, லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. கட்டுக்கு இவ்வளவு என்று கையில் துட்டு வருகிறது. அந்த லாரியில் நம் கழனியின் சத்தும் போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தோமா?

சரி, அரசாங்கச் சிபாரிசு என்ன? மண் பரிசோதனை இல்லாவிட்டால், டெல்டா அல்லாத நம்மைப் போன்ற பகுதிக்குக் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழை 120, மணி 40, சாம்பல் 40 கிலோ என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுவாகச் சொல்கிறது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் பொட்டாஷ் சுமார் 27 கிலோ, அரை மூட்டைக்குச் சற்று மேல். பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை. பரிசோதனை இல்லாதவனுக்குத்தான் இது என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மண் எண்ணையும் எடுக்க நினைக்கிற மகசூலையும் வைத்து உரம் கணக்கிடும் முறை அவர்களிடம் இருக்கிறது. விரிஞ்சிபுரத்தில் அவர்களுடைய ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வித்தை நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. நம் கழனி வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

பரிசோதனை என்றாலே இன்னும் வாங்கிப் போடு என்று சொல்வது என்று நினைக்காதீர்கள். ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 118 முதல் 280 வரை நடுத்தரம், 280-க்கு மேலே அதிகம். அதிகம் உள்ள கழனியில் பொட்டாஷைக் குறைத்துக்கொள்ளலாம், அந்தத் துட்டு மிச்சம். சில கழனியில் பாறை மக்கிய மண்ணே கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல்சத்தை விட்டுக்கொடுக்கும், கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சம் வரும். மணல் கலந்த மேட்டுக் கழனியில் போட்டதே தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அங்கே ஒரே தடவையாகக் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, பூட்டைப் பருவம் என்று நாலாகப் பிரித்துப் போட வேண்டும். எந்தக் கழனி எது என்று கண்ணால் சொல்ல முடியுமா? முப்பது வருஷம் ஏர் பிடித்த எங்களாலேயே முடியவில்லை.

தோல் பெல்ட்டின் உப்பு

இப்போது தலைப்புக்கு வருகிறோம். அமிர்தி ஜவ்வாது மலை அடிவாரம். நாகநதி தண்ணீர் காட்டிலிருந்து வருகிறது. நமக்கு மேலே தொழிற்சாலை கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் நம் சொந்தக்காரர்கள் கதை வேறு. தோல் பதனிடும் கழிவு பாலாற்றிலும் கிணற்றிலும் இறங்கி, வேலூரில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது. இதை 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்து எழுதியிருக்கிறது.

எல்லோரும் குரோமியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் போடுகிற உப்பு இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச்சே குறைவு. அந்த உப்பில் உள்ள சோடியம் களிமண்ணில் சாம்பல்சத்து உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாம்பல்சத்தைத் தள்ளிவிடுகிறது. வேர் வாசலிலும் அதுவே முண்டியடித்து நிற்கிறது. அதனால் அட்டையில் சாம்பல்சத்து "நடுத்தரம்" என்று இருந்தாலும், சோடியம் அதிகமான கழனியில் பயிர் பட்டினிதான். போதாததற்கு நாம் கடையில் வாங்கும் சிவப்பு பொட்டாஷும் குளோரைடு உப்பு. ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் எதைப் போடுவது, சல்பேட் பொட்டாஷ் போடலாமா, முதலில் ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டுமா என்பதெல்லாம் சோடியம் எண் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

மண்வள அட்டையில் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன. துத்தநாகம் இருக்கிறது, போரான் இருக்கிறது. உப்பின் மொத்த அளவைக் காட்டும் எண் ஒன்றும் இருக்கிறது. சோடியம் மட்டும் இல்லை! செலவு அதிகமா? கேளுங்கள்: மண்ணை அம்மோனியம் அசிடேட் கரைசலில் குலுக்கி வடிகட்டி, பிளேம் போட்டோமீட்டர் என்ற கருவியில் தீச்சுடரில் தெளித்து, அந்தச் சுடரின் வெளிச்சத்தை அளந்துதான் சாம்பல்சத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதே கருவி, அதே வடிநீர், உள்ளே இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியை மாற்றினால் சோடியத்தையும் சொல்லும். புதுக் கட்டடம் வேண்டாம், புது டெண்டர் வேண்டாம். டெண்டர் இல்லாததால்தான் யாருக்கும் அக்கறை இல்லையோ என்னவோ!

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவனிடம் வசூல் செய், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று. கெடுத்தவன் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம் என்றால், அந்தக் கழனிகளின் மண் பரிசோதனைக்கும் ஜிப்சத்துக்கும் யார் கட்ட வேண்டும்? நாமா?

மூட்டை விலை

2010 ஏப்ரல் 1-க்கு முன் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 223 ரூபாய்க்குள். சத்து அடிப்படை மானியம் என்று புது முறை வந்தது. யூரியாவை விட்டுவிட்டு மற்ற உரங்களின் விலையைக் கம்பெனிகள் கையில் கொடுத்தார்கள். 2022-ல் அதே மூட்டை 1,700 ரூபாய்! அதன்பின் ஏறி இறங்கினாலும் பழைய விலை திரும்பவே இல்லை. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. எதை வாங்குவான் ஏழை விவசாயி? அப்புறம் "விவசாயிகள் யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்கள்" என்று டெல்லியில் உட்கார்ந்து நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

நம் நாட்டில் பொட்டாஷ் வெட்டி எடுக்கும் சுரங்கம் ஓடவில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று கப்பலில் வருகிறது. அங்கே சண்டை என்றால் அமிர்தியில் விலை ஏறும். அதற்குத்தானே மானியம்? 2022 காரீப்பில் சாம்பல்சத்து கிலோவுக்கு 25 ரூபாய் 31 காசு கொடுத்தார்கள். ஒரு மூட்டையில் 30 கிலோ சத்து, ஆக மூட்டைக்கு 759 ரூபாய். 2023-24 ராபியில் அதைக் கிலோவுக்கு 2 ரூபாய் 38 காசாக வெட்டினார்கள். மூட்டைக்கு 71 ரூபாய் 40 காசு! உலகச் சந்தையில் விலை இறங்கிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இறங்கியது நிஜம். அந்த இறக்கம் நம் மூட்டையில் தெரிந்ததா?

இந்த விலையில் வாங்குகிற பொருளைத் தேவைப்படாத கழனியில் போடுவதும் நஷ்டம், தேவைப்படும் கழனியில் போடாமல் விடுவதும் நஷ்டம். அதனால்தான் சொல்கிறோம், மண் பரிசோதனை சிறு விவசாயிக்குச் சலுகை அல்ல, உரிமை.

நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. பட்டாவுக்கு ஒரு மாதிரி எடு, ஆறேகால் ஏக்கருக்கு அல்ல. பாலாற்றுப் படுகைக் கழனிகளுக்குச் சோடியத்தையும் சேர்த்துப் பார், அந்தச் செலவைக் கெடுத்தவனிடம் வாங்கு. விதைப்புக்கு முன்னால் முடிவைக் கையில் கொடு. அறுவடைக்கு வரும் அட்டை பெட்டியில் வைத்துப் பூஜை செய்யத்தான் ஆகும். பொட்டாஷ் மானியத்தைப் பழைய அளவுக்கு உயர்த்து.

நம் பங்குக்கும் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்வோம். மாதிரி கேட்டால் வரப்போரம் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளிக் கொடுத்தவர்கள் நாம்தான். அதையும் யூரியா சாக்கில் போட்டுக் கொடுத்தோம். அப்புறம் எண் எப்படிச் சரியாக வரும்?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு மண்ணும் கொடுக்கப் போகிறோம். ஒவ்வொருவரும் தன் கழனி மண் அரைக் கிலோ எடுத்து வர வேண்டும். வரப்பு, மரத்தடி, குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் ஓரம் இவற்றை விட்டுவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே உள்ள புல் பூண்டை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப் போல ஆறு அங்குல ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகத்தைத் தள்ளிவிட்டு, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறையுங்கள். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். சுத்தமான துணிப்பையில் கட்டுங்கள்; உர மூட்டை, சாம்பல் பட்ட பாத்திரம் கூடாது. பேர், சர்வே எண், போன போகம் என்ன பயிர், எந்தத் தண்ணீர் என்று பென்சிலால் எழுதிப் பைக்குள்ளே ஒரு சீட்டு போடுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். சிட்டா நகல் ஒன்று எடுத்து வாருங்கள். வண்டிக்குச் சங்கம் ஏற்பாடு செய்கிறது. வர முடியாதவர்கள் பையை முந்தின நாள் சாயந்திரத்துக்குள் நிர்வாகக் குழுவிடம் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
சங்கத்துக்காக, செயலாளர்,
அமிர்தி