சுவிட்சு சுவரிலேயே இருக்கட்டும்

மாட்டுங்காவில் வசிக்கும் என் மாணவன் ஒருவனின் வீட்டிற்குக் கடந்த ஆண்டு ஒரு மாலை நேரத்தில் போயிருந்தேன். விடுதலைக்கு முன்பே கட்டப்பட்ட கட்டடம் அது. கூடத்தில் அவனுடைய பாட்டி, குத்துவிளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருந்தார். மின்தடை போலும் என்று எண்ணினேன். ஆனால் எதிர்வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. "விளக்கெல்லாம் பேரனுடைய போனில் இருக்கிறது, டீச்சரம்மா. அவன் டியூஷனுக்குப் போயிருக்கிறான்" என்றார் பாட்டி. சுவரில் இருந்த சுவிட்சுகளின்மேல், எவரும் தொடாதபடி ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருந்தது.

திறன்மிகு விளக்குகளை நான் வெறுப்பவள் அல்லேன். ஆள் இல்லாத அறையில் தானே அணைந்துவிடும் விளக்கு நல்லதே. நள்ளிரவில் எழுபவரின் கண் கூசாதபடி மங்கலாக எரியும் விளக்கு அதைவிட நல்லது. என் கருத்து இதுதான்: பழைய வீட்டில் புதிய விளக்கமைப்பைப் பொருத்துவோர், அதனைக் கம்பிவழி அமைப்பாகப் பொருத்த வேண்டும், சுவரில் உள்ள சுவிட்சைப் பறித்துவிடக் கூடாது.

இதற்கான காரணம் சுவருக்குள்ளே இருக்கிறது. பம்பாய் நகருக்கு மின்வழங்கல் 1905ஆம் ஆண்டில் தொடங்கியது. 1915இல் கோபோலி நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் இந்நகரை வந்தடைந்தது. அக்காலம் முதல் இன்றுவரை வீட்டு விளக்கின் மின்சுற்று பெரிதும் மாறவில்லை. மின்பணியாளர்கள் 'ஃபேஸ்' என்று கூறும் கம்பி சுவிட்சின் வழியாக விளக்கிற்குச் செல்லும். 'நியூட்ரல்' என்னும் மற்றொரு கம்பி சுவிட்சைத் தொடாமலே நேராக விளக்கை அடைந்துவிடலாம். பழைய சுவிட்சு, சுற்றை இணைக்கும் அல்லது துண்டிக்கும் ஒரு சிறு பாலமே. அதற்கென்று மின்சாரம் தேவையில்லை. ஆகவே சுவிட்சுப் பெட்டிக்கு நியூட்ரல் கொண்டுவர வேண்டும் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

திறன்மிகு சுவிட்சு அப்படிப்பட்டதன்று. கட்டளைக்காக அது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க மின்சாரம் வேண்டும். அதற்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமலே இயங்கும் கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தித் தம் பசியைத் தணித்துக்கொள்கின்றன. பழைய குண்டு பல்பு அதனைப் பொருட்படுத்தாது. எல்.இ.டி. விளக்கோ, அணைத்த பின்னும் மங்கலாக மினுங்கக்கூடும். வீட்டில் பேய் இருக்கிறது என்று நம்பிய ஒரு சிறுமியை நான் அறிவேன்!

கம்பிவழி அமைப்பில் கட்டளை, காற்றில் செல்வதில்லை. தனியான மெல்லிய கம்பியில் செல்கிறது. 'டாலி' என்னும் பொது முறையில் ஓர் இணைக்கம்பியில் 64 விளக்குக் கருவிகள் வரை இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. ஒரே சந்தினுள் 64 கதவுகள் இருந்தாலும் உரிய கதவை மட்டும் தட்டும் தபால்காரரைப் போல, கட்டளை உரிய விளக்கை மட்டும் சென்றடையும். இணையம் நின்றாலும் சுவரில் உள்ள பொத்தான் வேலை செய்யும்.

இணையம் நிற்குமா என்று கேட்கலாம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்னும் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. செயலியை நம்பியிருந்தவர்கள் திகைத்தனர். பின்னர் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கி மீண்டும் இயக்கினர். எல்லாருக்கும் அது இயலுமா? ஒரே நிறுவனத்தின் தயவில் வீட்டின் வெளிச்சம் இருக்கலாகாது. பல நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொது முறையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

ஆயினும், கம்பியிழுக்கச் சுவரைக் கொத்த வேண்டுமே என்பர். இஃது உண்மையான இடர்ப்பாடு. செம்பூரில் பல பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, உயர்ந்த கட்டடங்களாக எழுகின்றன. நாளை இடிபடப்போகும் வீட்டின் சுவரை இன்று கொத்துவது வீண்செலவு. அத்தகைய வீடுகளுக்குச் சுவரின் மேலேயே பதிக்கப்படும் கேசிங் பட்டை போதும். பார்வைக்கு அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பர். எனக்கு அஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை. 230 வோல்ட் கம்பியையும் கட்டளைக் கம்பியையும் தனித்தனிப் பட்டைகளில் கொண்டுசெல்வது நல்லது. அதற்கும் முன்பாக எர்த் இணைப்பு உள்ளதா, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி உள்ளதா என்று பார்க்க வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் சுவர்கள் எவ்வாறு ஈரம் கோக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தாராவியில் நான் கண்ட ஒரு விளக்கமைப்பையும் இங்கே கூற விரும்புகிறேன். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, இடையே செங்குத்தான இரும்பு ஏணி. ஏணியின் அடியில் ஒரு சுவிட்சு, உச்சியில் மற்றொன்று. இரண்டும் ஒரே விளக்கிற்கு உரியவை. கீழே ஏற்றிவிட்டு ஏறலாம். மேலே சென்று அணைக்கலாம். இரு சுவிட்சுகளுக்கும் இடையே கூடுதலாகச் சில கம்பிகள், அவ்வளவே. இரவுப் பணி முடித்துத் திரும்பும் தந்தை, உறங்கும் குழந்தைகளை எழுப்பாமல் அதன் வெளிச்சத்தில் ஏறிச் செல்கிறார். செயலியும் இல்லை, வைஃபையும் இல்லை. நான் கண்டவற்றுள் மிகத் திறன்மிக்க விளக்கு அதுவே என்பேன்.

மாட்டுங்கா வீட்டில் இப்போது மாற்றம் நிகழ்ந்துள்ளது. மழைக்காலம் முடிந்ததும் மின்பணியாளர் ஒருவர் வந்து, கேசிங் பட்டை வழியாகச் சுவிட்சுப் பெட்டிக்கு நியூட்ரலையும் கட்டளைக் கம்பியையும் கொண்டுவந்தார். அழைப்புமணிப் பொத்தான் போன்ற புதிய சுவிட்சுகளைப் பழைய இடத்திலேயே, பழைய உயரத்திலேயே பொருத்தினார். பேரன் தன் கைப்பேசியிலிருந்தும் விளக்கேற்றுகிறான். பாட்டியோ கதவருகே கையை நீட்டுகிறார். நாற்பது ஆண்டுகளாகக் கை அறிந்த இடத்தில் பொத்தான் இருக்கிறது.