'பில்ஃபரேஜ்' என்றால் சின்னத் திருட்டு... ஆனால் யாருக்குச் சின்னது?

மில், குடோன், லாரி ஆபீஸ் என எங்கு ஸ்டாக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் ரிப்போர்ட்டில் எழுதும் சொல் 'பில்ஃபரேஜ்'. நம்ம பேச்சில் சொன்னால், 'ஆட்டையப் போடுறது'. 'பில்ஃபர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் கொள்ளையடிப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் அது சில்லறைத் திருட்டாகச் சுருங்கிவிட்டது.

சரி, சட்டத்தில் எது சின்னது?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு ஒரு கோடு போடுகிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல்முறை குற்றவாளி, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டார் என்றால் சிறை இல்லை, சமூக சேவைதான் தண்டனை. நல்ல ஏற்பாடு. பசிக்குத் திருடியவரை ஜெயிலுக்கு அனுப்பி யாருக்கு என்ன லாபம்?

சிக்கல் வேறு இடத்தில். 5,000-க்குக் குறைவான திருட்டு 'நான்-காக்னிசபிள்' குற்றம். அதாவது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ராஜபாளையம் மில் தொழிலாளி ஒருவர் சில நூறு ரூபாய் நூலை டிபன் பையில் வைத்து எடுத்துப் போகிறார். இது 306-வது பிரிவு, முதலாளியின் பொருளை வேலைக்காரர் திருடுவது. 7 ஆண்டு வரை சிறை. போலீஸ் உடனே விசாரிக்கலாம். அதே தொழிலாளி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் தன் 4,900 ரூபாய் போனைப் பறிகொடுத்தால்? ஸ்டேஷனில் புகாரைக் குறித்துக்கொண்டு, 'மாஜிஸ்திரேட்டைப் பாருங்க' என்று அனுப்பலாம். சட்டப்படி அது சரிதான்!

'கும்பலாகத் திருடினால் 112-வது பிரிவு இருக்கே' என்று கேட்கலாம். உண்மைதான். அந்தப் பிரிவில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. பிக்பாக்கெட்டும் அதில் அடங்கும். ஆனால் விசாரிக்காமலேயே கும்பலா, தனி ஆளா என்று எப்படித் தெரியும்?

முதலாளியின் நூல்கண்டு போனால் பெரிய திருட்டு, தொழிலாளியின் போன் போனால் சின்னத் திருட்டு. இந்த அளவுகோல்தான் தப்பு. சம்பளக் கணக்கு, கேஸ் புக்கிங், பிள்ளையின் ஸ்கூல் மெசேஜ் எல்லாம் அந்த ஒரு போனில்தான் இருக்கிறது. தண்டனை சமூக சேவையாகவே இருக்கட்டும். விசாரணைக்கு மட்டும் விலைப்பட்டியல் வேண்டாம்.

அதுவரை, பொருளின் பில்லைப் பத்திரமாக வையுங்கள். வீட்டிலோ பஸ்ஸிலோ திருட்டுப் போயிருந்தால் புகாரில் அதைத் தெளிவாக எழுதுங்கள். அதற்கு 305-வது பிரிவு, அங்கே 5,000 ரூபாய்க் கோடு கிடையாது. புகார் கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். போனை பிளாக் செய்யவும் அது தேவைப்படும்.