தலைமைக்கு அழகு



சேலம், நாமக்கல் பகுதித் தெருக்கூத்தில் துரியோதனனாக மகுடம் அணிந்தவரும் வாத்தியாரின் சொற்படியே நிற்பார். வேடம் வேறு, தலைமை வேறு.

நம் பிள்ளைகள் கணினி வழியே வேடமேற்று ஆடும் விளையாட்டுகளிலும் குழுக்களும் தலைவர்களும் உண்டு. 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் பெரும்போர்களுக்கு அந்நாளில் 40 பேர் வரை திரண்டனர். தாக்குவோர், காப்போர், காயம் ஆற்றுவோர் எனத் தலைவர் பணி வகுத்தார். வென்ற பொருளைப் பங்கிடும்போதோ பூசல் எழுந்தது. ஆகவே, போருக்கு வந்தவர்க்கு மதிப்பெண் வழங்கி, அதனைக் கொடுத்தே பொருள் பெறும் முறையைப் பல குழுக்கள் ஏற்படுத்திக்கொண்டன.

மனம் கசந்தவர் மறுநாளே விலகிவிடக்கூடிய அவ்விடத்தில், நேர்மையே தலைவரின் பலம்.

‘எவ்வளவு நேரம் ஆடினாய்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘உங்கள் குழுவில் முடிவெடுப்பவர் யார்? எவ்வாறு?’ என்றும் கேளுங்கள். அதே கேள்வியை அவர்கள் நம் இல்லத்தைக் குறித்துக் கேட்டால், விடை கூற நாமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.