பனிக்கு நூறு சொல், மானுக்கு ஒரு தொட்டி

சாமி மொழியில் பனிக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்கிற பதிவை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். நானும் பகிர்ந்தவன்தான். "மொழின்னா இதுதான்யா" என்று மேலே ஒரு வரி வேற. இப்போ நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சாமிகள் (நம்ம சாமி இல்லை) நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் வடகோடியில் வாழும் பழங்குடிகள். அவர்களில் ஒரு பகுதியினர் ரெய்ண்டீர் மேய்க்கிறார்கள். அந்தச் சொற்கள் அழகுக்கு வந்தவை அல்ல, மேய்க்கிற வேலைக்கு வந்தவை. வட சாமி மொழியில் 'குவோஹ்துன்' என்றால் மேய்ச்சல். ஆனால் பனிக்கு அடியில் கிடக்கும் லைக்கனை மான் தோண்டித் தின்ன முடிகிறதா என்கிற நிலைமையும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. 'சுவோஹ்கி' என்றால் மேய்ச்சல் தரையை மூடிவிட்ட பனிக்கட்டி. இங்கர் மேரி கவுப் ஐரா என்கிற சாமி அறிஞர் இந்தச் சொற்களை வைத்தே 2012-இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஆர்க்டிக் பகுதி 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் கணக்குக் காட்டினார்கள். அங்கே சூடு என்றால் வெயில் இல்லை, மழை. குளிர்காலத்து நடுவில் பனிமேல் மழை பெய்யும், மறுநாள் உறையும். தரையோடு ஒரு கண்ணாடித் தகடு. குளம்பு இறங்காது, வாசனை மேலே வராது. தீவனம் ஒரு முழம் கீழே கிடக்க, மான் பட்டினி.

இதற்கு மேய்ப்பர்களிடம் பழைய பதில் உண்டு: மந்தையை வேறு தரைக்கு ஓட்டிப் போவது. கட்டியை உடைக்கத் திராணியுள்ள, காயடித்த கிடாக்களை மந்தையில் வைத்துக்கொள்வது. இதற்குத்தான் நார்டிக் ஆய்வறிக்கைகள் இப்போ 'தகவமைப்பு' என்று பெயர் வைத்து, மரபறிவுக்கு ஒரு அத்தியாயமும் ஒதுக்கிப் பாராட்டுகின்றன. பாராட்டட்டும். ஓட்டிப் போக வேறு தரை எங்கே? அணை, சுரங்கம், சாலை, இப்போ காற்றாலை.

நார்வேயின் ஃபோசென் தீபகற்பத்தில் தென் சாமிகளின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். வழக்கு போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: மந்தையைக் குறைத்துப் பட்டியில் அடைத்துத் தீவனம் போடுங்கள், செலவுக்குச் சுமார் 9 கோடி குரோனர். நிலத்தை எடுத்துக்கொண்டு தொட்டியைக் கொடுப்பது! 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தத் தீவன ஏற்பாட்டை நம்பி முடிவெடுக்க முடியாது, காற்றாலை உரிமம் சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, ஆகவே செல்லாது என்றார்கள்.

உரிமம் செல்லாது. காற்றாலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அப்போ காற்றாலையே வேண்டாமா, நிலக்கரி எரிக்கலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீரிலிருந்து எடுத்துக்கொண்டு, எண்ணெயையும் எரிவாயுவையும் உலகத்துக்கு விற்கிற நாடு அது. அதன் பசுமைக்கணக்கை மான் மேய்க்கிறவர்கள் ஏன் கட்ட வேண்டும்? வெப்பம் அவர்கள் உண்டாக்கியதும் இல்லை. முதல் அடி பருவநிலையிலிருந்து, இரண்டாவது அடி பருவநிலைக்கான மருந்திலிருந்து. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆய்வாளர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து "உங்கள் மரபறிவைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்கிறார். எனக்குக் கோபம் அங்கேதான். சொல்லைச் சேகரிப்பது எளிது, அந்தச் சொல் நடமாடுகிற தரையை விட்டுவைப்பதுதான் செலவு.

தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது, 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். போலீஸ் தூக்கிப்போட்டது. வாசல்களை மறித்தார்கள். கிரெட்டா துன்பெர்க்கும் கூட நின்றார், காற்றாலைக்கு எதிராக! சில நாளில் அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆண்டுதோறும் பணம், வேறெங்காவது புதிய குளிர்கால மேய்ச்சல் நிலம் என்று உறுதிமொழி. ஃபோசெனில் காற்றாலைகள் அதே இடத்தில் நிற்கின்றன.