முடிவிலாத் திரைக்கு வரம்பு வேண்டும்

செயலிகளுக்கு அடிமையாவதைப் பயனரின் மனவலிமைக் குறைவாக மட்டும் பார்ப்பது நியாயமன்று. வெகுமதி எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லாதபோது விலங்குகள் ஒரு செயலைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சோதனைகளால் காட்டினார்; எதிர்பாராத வெகுமதியின்போது, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக வெளிப்படுவதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின. அடுத்து என்ன வரும் என்ற இதே உறுதியின்மையைச் செயலிகளும் பயன்படுத்துகின்றன. 2006-இல் வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் உருவாக்கிய முடிவிலா உருட்டல், அதாவது பதிவுகள் தாமாகவே தொடர்ந்து வரும் முறை, பயனர் நிறுத்திக்கொள்வதற்கான இடத்தையே அகற்றிவிட்டது. காணொளி பார்ப்போருக்குப் புள்ளிகள் வழங்கிய டிக்டாக் லைட் செயலியின் வெகுமதித் திட்டம், ஐரோப்பிய ஆணையத்தின் நடவடிக்கையால் 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக்கப்பட்டது. இத்தகைய வடிவமைப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலும் என்பதால், சிறார் பயன்படுத்தும் செயலிகளிலேனும் காணொளிகள் தாமாக ஓடுவதையும் முடிவிலா உருட்டலையும் தொடக்கத்திலேயே அணைத்து வைப்பதை அரசுகள் கட்டாயமாக்க வேண்டும்.