தேவாலயக் கூரையும் 25,000 பவுண்ட் வரம்பும்

இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்படும் வீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. எண்ணூறு ஆண்டுகள் பழைமையான ஊர்த் தேவாலயத்தின் கூரையைச் செப்பனிட்டால் 20 விழுக்காடு வரி உண்டு. இந்த முரணை ஓரளவு சரிக்கட்டவே, பட்டியலிடப்பட்ட வழிபாட்டுத் தலங்களுக்கான மானியத் திட்டத்தை அந்நாட்டு அரசு 2001-இல் கொண்டுவந்தது. செலுத்திய வரியை எல்லாச் சமயத்தாரின் பாரம்பரிய வழிபாட்டுத் தலங்களும் இதன்மூலம் திரும்பப் பெற்றுவந்தன.

2025 ஜனவரியில் இத்திட்டம் சுருக்கப்பட்டது. ஆண்டுக்கு 4.2 கோடி பவுண்டாக இருந்த ஒதுக்கீடு 2.3 கோடியாயிற்று. ஒரு தலம் ஓராண்டில் 25,000 பவுண்டுக்கு மேல் பெறமுடியாது என்ற வரம்பு முதன்முறையாக விதிக்கப்பட்டது. நீட்டிப்பும் 2026 மார்ச் வரைக்கும் மட்டுமே இருந்தது.

25,000 பவுண்ட் என்பது 1,25,000 பவுண்ட் வேலைக்கான வரி. அதற்குட்பட்ட சிறு பணிகளுக்குப் பாதிப்பு இருக்கவில்லை. ஆனால், கோபுரம் சரியத் தொடங்கிய ஒரு தேவாலயத்துக்கு 5 லட்சம் பவுண்ட் செலவானது என்று கொள்வோம். வரி மட்டும் ஒரு லட்சம். திரும்பக் கிடைத்திருக்கக்கூடியது அதில் கால் பங்கு. மீதி 75,000 பவுண்டை கேக் விற்றும், கச்சேரி நடத்தியும், உண்டியல் குலுக்கியும் ஊரார் திரட்ட வேண்டியிருந்திருக்கும். பெரும் சேதமடைந்த கட்டடத்தையே இந்த வரம்பு குறிவைத்துத் தாக்கியது என்பதுதான் இதிலிருந்த கோளாறு.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 12,500 சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. நாட்டின் முதல் தரப் பாரம்பரியக் கட்டடங்களில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு இவையே. வாரந்தோறும் வழிபாட்டுக்கு வருவோர் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. எனினும், பல கிராமங்களில் அவ்வூரின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் ஒரே கட்டடம் அதுதான்.

எஸெக்ஸ் மாவட்டத்தில் கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூரின் புனித அந்திரேயா ஆலயத்தை எடுத்துக்கொள்ளலாம். பிளந்த ஓக் மரத்தடிகளைச் செங்குத்தாக நட்டு எழுப்பிய சுவர்கள், தட்டையான முகம் உட்புறமாக. ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்களுள் ஒன்று இது. ஒன்பதாம் நூற்றாண்டினது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மரவளைய ஆய்வோ பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியைக் காட்டியது. பலிபீடம் அமைந்த கீழைப் பகுதி டியூடர் காலத்துச் செங்கல். விக்டோரியா காலச் சீரமைப்பில் உளுத்துப்போன அடித்தடிகளை அறுத்தெறிந்துவிட்டுச் செங்கல் அடிச்சுவர் மீது நிறுத்தினார்கள். தொழிற்சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்புடில் தியாகிகளுள் ஒருவர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் 1839-இல் திருமணம் செய்துகொண்டதும் இங்கேதான். வெறும் தொழுகைக்கூடம் என்று இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

யார் செலவழிப்பது என்ற கேள்வி இந்தக் கட்டடக் கலைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. இடைக்கால மரபுப்படி பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் பெறும் குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. ஒரே ஆலயத்தில் நடுக்கூடம் ஓங்கி உயர்ந்தும், பலிபீடப் பகுதி தாழ்ந்தும் இருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கம்பளி வணிகத்தில் செழித்த சஃபோக் பகுதியின் லாவன்ஹாம், லாங் மெல்ஃபர்ட் போன்ற ஊர்களில் வணிகர்கள் போட்டிபோட்டுக்கொண்டு கட்டினார்கள். பணம் எங்கிருந்து வந்ததோ, அங்கே சுவர் உயர்ந்தது.

ஊராரிடம் கட்டாயமாக வசூலிக்கப்பட்ட ஆலய வரி 1868-இல் ஒழிக்கப்பட்டது. பிற சபையாரும் சமய நம்பிக்கை அற்றோரும் அதைக் கட்ட வேண்டியிருந்தது அநீதி, ஒழித்தது சரியே. ஆனால், அந்த இடத்தை வேறு எந்த நிலையான வருவாயும் நிரப்பவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டட வல்லுநர் ஆய்வு செய்ய வேண்டும் என்ற கடமையை 1955-இல் சபைச் சட்டம் கொண்டுவந்தது. குறையைக் கண்டறிய ஏற்பாடு இருக்கிறது. களையப் பணம் ஊதியமில்லாத தொண்டர்களைக் கொண்ட ஊர்ச்சபைக்குழுவின் தலையில்.

பிரான்ஸ் அரசையும் சமயத்தையும் 1905-இல் பிரித்தது. ஆயினும், அதற்கு முந்தைய ஊர்த் தேவாலயங்களில் பெரும்பாலானவை அங்கே உள்ளாட்சியின் சொத்து. இங்கிலாந்திலோ மன்னர்தான் திருச்சபையின் தலைவர், 26 பேராயர்கள் பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். ஊர்த் தேவாலயத்தின் கூரைக்கு மட்டும் அரசு பொறுப்பேற்பதில்லை. மதச்சார்பற்ற நாடு செய்வதை அரச மதம் உள்ள நாடு செய்யவில்லை.

இந்தப் பழக்கம் கடல் கடந்தும் வந்தது. சென்னை கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தை 1680-இல் எழுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனியின் கருவூலம் அன்று. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று திரட்டிய நன்கொடைதான். பீரங்கிக் குண்டு தாங்கும்படி வளைத்துக் கட்டிய அதன் கூரை இன்றும் நிற்கிறது.

அரசுத் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. திருச்சபை ஆணையர்களின் கையில் 1,000 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட முதலீடு இருக்கிறது. மருத்துவமனைகள் திணறும்போது வரிப்பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆணையர்கள் கட்டடங்களுக்கு இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றே இக்கட்டுரையாளரும் கருதுகிறார். ஆனால், அந்த நிதியின் வருவாய் குருமாரின் ஓய்வூதியம் முதலிய கடப்பாடுகளுக்கு உரியது. மேலும் இந்த மானியம் புதிதாகக் கொடுத்த பணமன்று. தொண்டர்கள் திரட்டிய காசிலிருந்து அரசு எடுத்த வரியைத் திருப்பித் தந்தது. பள்ளிவாசலும் யூதர் தொழுகைக்கூடமும்கூட இதே வரம்பில் சிக்கின. அவற்றுக்கு ஆணையர்களின் நிதி ஏது?

வேலையை ஆண்டுதோறும் துண்டு துண்டாகச் செய்து வரம்புக்குள் அடங்கியிருக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். சாரம் கட்டும் செலவு என்ன என்று கொத்தனார் எவரையேனும் கேட்டால் விடை தெரியும். ஒருமுறை கட்டிய சாரத்தில் கூரையையும் கோபுரத்தையும் சேர்த்துச் செப்பனிடுவதே சிக்கனம். ஆண்டுக்கொரு முறை சாரம் கட்டிப் பிரித்தால் செலவு பெருகும். அந்தச் சாரத்துக்கும் வரி விழும். அடுத்த ஆண்டு மானியம் இருக்குமா என்பதே உறுதியில்லாதிருந்தபோது, எந்த ஊர்ச்சபைக்குழு பாதிக் கூரையைப் பிரிக்கத் துணிந்திருக்கும்?