"கருதுகோள் எங்கே?" என்று கேட்போருக்கு

தகவல் அறிவியலில் ஆய்வு என்றாலே வினாநிரல், ஐந்து புள்ளி அளவுகோல், கை-வர்க்கச் சோதனை என்றாகிவிட்டது. சுவடித் தொகுப்பொன்றுக்குத் தேடல் அமைப்பை வடிவமைத்து, அவ்வடிவமைப்பின் வழியே பட்டியலாக்கச் சிக்கல்களை ஆராய விரும்புவதாகச் சொன்னேன். "இது மென்பொருள் வேலை, கருதுகோள் எங்கே?" என்றது ஆய்வுக்குழு.

அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: எந்த வினாநிரலைக் கொண்டு கோலன் பகுப்பு முறையைக் கண்டடைந்தார் எஸ். ஆர். ரங்கநாதன்? லண்டன் அங்காடியொன்றில் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டார். அதன் துண்டுகளைப் போலவே நூற்பொருளையும் கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என உணர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகமே அவருடைய சோதனைக்கூடம். 1933இல் முதற்பதிப்பு; 1960க்குள் ஆறு பதிப்புகள். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைமைகள் 1952ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில்தான் இடம்பெற்றன. ஆக்கியும் திருத்தியும் கண்ட பின்னரே அந்தக் கோட்பாடு பிறந்தது.

ஆக்குவதெல்லாம் ஆய்வன்று என்பதை ஒப்புகிறேன். எம்முடிவை ஏன் எடுத்தோம், எது ஏன் தோற்றது, பிறர் எடுத்தாளத்தக்க கொள்கை யாது என்று பதிவு செய்யாத வடிவமைப்பு வெறும் கைவேலையே. அந்தக் கண்டிப்பை எம்மிடம் தாராளமாகக் கேளுங்கள்.

ஆனால், கைக்கெட்டிய நூறு மாணவரின் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதைக் கூட்டிச் சராசரி காண்பது மட்டுமே ஆய்வென்றால், ரங்கநாதனின் ஆய்வு முன்மொழிவையும் நீங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.